ஒரே கணினியில் இரண்டு பைதான்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: உபுண்டு 22.04 பயன்படுத்துகிறேன். ஜாங்கோ 2.2 என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய பழைய புராஜெக்ட்டுக்குப் பைதான் 3.8 வேண்டும். புதிய புராஜெக்ட்டுக்கு 3.12. வசதிக்காக, ‘பைதான்3’ என்ற கட்டளை 3.8-ஐ அழைக்கும்படி சிஸ்டத்தில் மாற்றினேன். அதிலிருந்து டெர்மினலே திறக்கவில்லை. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போதும் என்கிறார் ஒரு நண்பர், புரோகிராமை அதன் சூழலோடு தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர்தான் சரி என்கிறார் இன்னொருவர். பழைய புராஜெக்ட்டின் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி வேறு, நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 16-இல் மட்டும்தான் பில்ட் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் டெர்மினலை மீட்டுவிடுவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் மட்டும் தெரியும் திரை வரும். அதில் லாகின் செய்து, ‘பைதான்3’ இணைப்பை மறுபடியும் 3.10-க்கே திருப்புங்கள். உபுண்டு 22.04-உடன் வருவது அதுதான். அங்கே டெர்மினலைத் திறந்துவிடும் நிரலே பைதானில் எழுதப்பட்டது. 3.10-க்காக கம்பைல் செய்த லைப்ரரிகளை 3.8-ஆல் ஏற்ற முடியாது, அதனால் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது.

சிஸ்டத்தின் பைதான் சிஸ்டத்துக்கு. அதன் வெர்ஷனை மாற்ற வேண்டாம், சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு, பேக்கேஜ்களை இறக்கும் பிப் மூலம் அதில் எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் சூடோ இல்லாமல் செய்தாலும் பிப் மறுத்துவிடுகிறது. தடையை மீற ஓர் ஆப்ஷன் இருக்கிறது. ‘சிஸ்டம் பேக்கேஜ்களை உடை’ என்று பொருள் வரும்படியே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்க முடியாது.

இப்போது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போதும் என்று உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. இங்கே பிரித்து வைக்க வேண்டியவை இரண்டு: மொழியின் வெர்ஷன் ஒன்று, அதன் மேல் போடும் பேக்கேஜ்கள் இன்னொன்று. 2012-இல் வந்த பைதான் 3.3 முதல் கூடவே வரும் வென்வ், அதாவது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கும் கருவி, இரண்டாவதை மட்டும்தான் பிரிக்கும். எந்தப் பைதானை வைத்து வென்வ் உருவாக்கினீர்களோ, அதை நோக்கி ஓர் இணைப்பும், பேக்கேஜ்களுக்குத் தனி ஃபோல்டரும் போட்டுத் தரும், அவ்வளவுதான். கணினியில் இல்லாத 3.8-ஐ அது எங்கிருந்தும் கொண்டு வராது. 3.10-ஐ வைத்து உருவாக்கினால் உள்ளேயும் 3.10-தான்.

ஆகவே வெர்ஷனைக் கொண்டு வர இன்னொரு கருவி வேண்டும். பல வருடங்களாக எல்லோரும் சொல்லிவந்தது பைஎன்வ். நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொரு பைதானையும் மூல நிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். என்க்ரிப்ஷனுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், சிறிய டேட்டாபேஸான எஸ்கியூலைட் போன்றவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லையென்றால் அப்போதே பிழை காட்டி நின்றுவிடும். எஸ்கியூலைட் இல்லையென்றால்தான் வம்பு: ஒரு எச்சரிக்கையோடு இன்ஸ்டால் முடிந்துவிடும், அப்புறம் ஜாங்கோவை ஓட்டும்போது அந்த மாட்யூலே இல்லை என்று வந்து நிற்கும். அப்படி வந்தால் ஜாங்கோவைக் குடையாதீர்கள், விடுபட்டதைப் போட்டுவிட்டு அந்தப் பைதானை மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது யூவி. 2024-இல் வந்தது. முன்பே கம்பைல் செய்த பைதானை இறக்கிக்கொள்வதால் மேலே சொன்ன தலைவலி இல்லை. 3.8 வேண்டும் என்று குறிப்பிட்டு வென்வ் உருவாக்கச் சொன்னால், பைதானை இறக்கி, வென்வையும் போட்டுக் கொடுத்துவிடும். இரண்டு அடுக்கும் ஒரே கட்டளையில் முடிந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: யூவி உருவாக்கும் வென்வுக்குள் பிப் இருக்காது. பழக்கத்தில் வெறும் பிப் என்று அடித்தால் சிஸ்டத்தின் பிப் வந்து மாட்டும். யூவியின் பிப் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

எதை எடுத்தாலும் புராஜெக்ட் ஃபோல்டரில் பைதான்-வெர்ஷன் கோப்பு ஒன்று வைத்து அதில் எண்ணை எழுதிவிடுங்கள். இரண்டு கருவிகளும் அதைப் படிக்கும், நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டிலும் ஏற்றலாம். வென்வ் ஃபோல்டரைக் கிட்டில் ஏற்றாதீர்கள், வேறு கணினிக்கு நகல் எடுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட்களில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும், இடம் மாறினால் உடையும். ஒருமுறை ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பிப் ஏன் ஓடவில்லை என்று அரை நாள் தேடியவன் நான்.

வென்வை ஆக்டிவேட் செய்வதிலும் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. வென்வுக்குள் இருக்கும் ‘பின்’ என்ற ஃபோல்டரைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முன்னால் வைக்கிறது, அதுதான் முக்கிய வேலை. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளில் ஆக்டிவேட் செய்யப் போராட வேண்டாம். உள்ளிருக்கும் பைதானை முழுப் பாதையோடு நேரடியாக அழைத்தாலே போதும்.

நோட் விஷயம் எளிது. பேக்கேஜ்கள் ஏற்கெனவே புராஜெக்ட்டின் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கின்றன, வெர்ஷனை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. நோட் வெர்ஷன்களை மாற்றித் தரும் என்விஎம் போட்டு, என்விஎம்ஆர்சி கோப்பில் 16 என்று எழுதுங்கள். 16-இல் மட்டும் பில்ட் ஆவதற்குக் காரணம் அநேகமாக ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் 4 ஆக இருக்கும். நோட் 17 முதல் உள்ளே இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. வெப்பேக் 4 பயன்படுத்தும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் அதில் இயல்பாகக் கிடைக்காது. வெர்ஷன் மாற்றிய பிறகு விநோதமான பிழைகள் வந்தால் நோட்-மாட்யூல்ஸை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். கம்பைல் செய்த பகுதிகள் பழைய வெர்ஷனுக்கே பொருந்தும்.

டாக்கரா? உங்கள் தேவைக்கு இப்போது வேண்டாம். குறிப்பிட்ட வெர்ஷனில் டேட்டாபேஸ் சர்வர் வேண்டும், சி லைப்ரரிகள் மோதுகின்றன, சர்வரில் ஓடும் சூழலே கணினியிலும் வேண்டும் என்ற நிலை வந்தால் எடுங்கள். அதுவரை டீபக்கரை இணைப்பதும் கோப்பு அனுமதிகளோடு மல்லுக்கட்டுவதும் கூடுதல் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோ 2.2-க்கான ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்தது, பைதான் 3.8-க்கு 2024 அக்டோபரில். தனிச் சூழலில் வைத்தால் அது ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. இணையத்துக்குத் திறந்திருக்கும் தளம் என்றால் மேம்படுத்தும் வேலையை இப்போதே தொடங்குங்கள். ஜாங்கோ 3.2 பைதான் 3.6 முதல் 3.10 வரை ஓடும். ஆகவே 3.8-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஜாங்கோவை மட்டும் முதலில் ஏற்றலாம், பைதானை அப்புறம் மாற்றலாம்.