எண்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பும்போது எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தால் தப்பா?

தப்புதான். மெயில் எழுதும்போது மேலே இருக்கும் 'டூ' (To) கட்டத்திலோ 'சிசி' (Cc) கட்டத்திலோ போடும் முகவரிகள் பெறுபவர் எல்லார் கண்ணிலும் படும். 'பிசிசி' (Bcc) கட்டத்தில் போட்டால் மெயில் போய்ச் சேரும், பட்டியல் போகாது. 'டூ'வில் உங்கள் முகவரியையே போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் முகவரிதானே என்று தோன்றலாம். ஆனால் ஒருவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதே ஒரு தகவல். 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக், எச்ஐவி உள்ளிட்ட பாலியல் நலச் சேவைகளைப் பெறுவோருக்கான செய்திமடலை இப்படித்தான் 'டூ'வில் போட்டு அனுப்பிவிட்டது. 781 முகவரிகள், அதில் 730-இல் முழுப்பெயர். வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவர்கள் அந்த நாளை எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. நிர்வாகத்துக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

2021 செப்டம்பரில் இன்னும் மோசம். ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேரின் முகவரிகளை பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இதே மாதிரி வெளிப்படுத்தியது. தாலிபான் தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த மெயிலுக்கு ஒருவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்து, அதாவது பட்டியலில் இருந்த எல்லாருக்கும் பதில் போகும்படி, தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார்!

சரி, பிசிசி போதுமா? குடியிருப்போர் சங்கக் கூட்ட அறிவிப்புக்குப் போதும். உடல்நலம், கடன், புகார் மாதிரி விஷயங்களுக்கு அதை நம்பாதீர்கள், கை தவறிக் கட்டம் மாறினால் முடிந்தது. ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் 'மெயில் மெர்ஜ்' வசதி வழியாக ஆளுக்கு ஒரு தனி மெயிலாக அனுப்புங்கள். அப்புறம், ஃபார்வர்டு செய்யும்போது கீழே ஒட்டியிருக்கும் பழைய முகவரிகளையும் அழித்துவிடுங்கள்.