ஓட்ஸ் க்ரம்பிள் பார்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: அக்கா, கொள்ளுப்பிட்டியில் ஒரு கஃபேயில் அன்னாசி வைத்த ஓட்ஸ் க்ரம்பிள் பார் சாப்பிட்டதிலிருந்து மகள் வீட்டில் செய்து தரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. சுப்பர்மார்க்கெட்டில் ஓட்ஸ் ராக்கைக்கு முன்னால் நின்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. ரோல்ட், குவிக், இன்ஸ்டன்ட், ஸ்டீல் கட் என்று நாலைந்து வகை, விலையும் ஒன்றுக்கொன்று எங்கேயோ நிற்கிறது. எதை எடுப்பது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: க்ரம்பிள் பார் என்பது ஓட்ஸ், மா, சீனி, பட்டர் உதிர்த்த கலவையில் ஒரு பகுதியை அடித்தட்டாக அழுத்தி, நடுவில் பழம் வைத்து, மிச்சத்தை மேலே தூவிச் சுடுவது. அதற்கு ரோல்ட் ஓட்ஸ். முழுத் தானியத்தை ஆவியில் வேக வைத்து உருளையில் தட்டையாக நசுக்கியது அது, அதனால்தான் ஓவனில் நாற்பது நிமிடம் கிடந்து வந்த பிறகும் பல்லுக்கு ஏதாவது மிஞ்சும். குவிக் என்பது தானியத்தை முதலில் வெட்டிவிட்டு இன்னும் மெல்லியதாக நசுக்கியது. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், மேலே தூவும் பகுதி கொஞ்சம் மாவாக வரும், அவ்வளவுதான். இன்ஸ்டன்ட் வேண்டாம், குழைந்துவிடும். பழச்சுவை போட்ட சின்னப் பைகளில் சீனியும் உப்பும் ஏற்கனவே இருக்கும், நீங்கள் போடுகிற சீனியோடு சேர்ந்தால் திகட்டும். தானியத்தை நசுக்காமல் துண்டாக மட்டும் வெட்டிய ஸ்டீல் கட் இதற்கு ஆகவே ஆகாது, கல்லுக் கடிப்பதுபோல இருக்கும்.

நம் நாட்டில் ஓட்ஸ் விளைவிப்பதில்லை, பெட்டியில் யாருடைய பெயர் இருந்தாலும் தானியம் கப்பலில் வந்ததுதான். எனவே முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தில் சேர்பொருட்கள் என்ற இடத்தில் ‘ஓட்ஸ்’ என்ற ஒரே சொல் இருக்கிறதா, காலாவதித் திகதி எவ்வளவு தள்ளி இருக்கிறது, 100 கிராம் என்ன விலைக்கு விழுகிறது என்ற மூன்றை மட்டும் பாருங்கள். பெரிய பெட்டி எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம், கோப்பை இலவசம் என்று ஒட்டியிருப்பதை ஃபோனில் ஒரு தடவை வகுத்துப் பார்த்தால் கோப்பைக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு தட்டுக்கு 150 கிராம் போதும். அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், திறந்த பக்கெட்டைக் கொழும்புப் புழுக்கத்தில் வைத்தால் காறல் வாடை வந்துவிடும், வண்டும் வரும். காற்றுப் புகாத போத்தலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.

கேள்வி: பட்டர் விற்கிற விலைக்கு அதைக் கேக்கிலும் பிஸ்கட்டிலும் கொட்ட மனம் வரவில்லை. இந்த ஓட்ஸ் பாருக்கு, பாணுக்குப் பூசுகிற டப்பா மாஜரினைப் போட்டேன், அடித்தட்டு நொறுங்காமல் ஈரப் பாண் மாதிரி வந்தது. அதற்கும் பட்டருக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தண்ணீர்தான் வித்தியாசம். பட்டர் என்று விற்பதில் குறைந்தது 80 வீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், தண்ணீர் 16 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசத் தர அளவு. மாஜரின் என்ற பெயருக்கும் கொழுப்பு 80 வீதம் வேண்டும். நாம் வாய்ப்பழக்கத்தில் மாஜரின் என்று சொல்லும் டப்பாக்கள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள், ‘ஃபட் ஸ்பிரெட்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே கொழுப்பு எத்தனை வீதம் என்றும் இருக்கும். 60 வீதம் என்று போட்டிருந்தால் 150 கிராமில் 90 கிராம்தான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கோதுமை மா குடித்துக்கொள்கிறது, பிறகு எங்கே நொறுங்குவது?

என்னைக் கேட்டால் இந்தப் பலகாரத்தில் காசு போட வேண்டிய ஒரே இடம் பட்டர். பெல்வத்த, ஹைலன்ட் என்று உள்ளூரிலும் இருக்கிறது, இறக்குமதிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உப்புப் போட்டதே போதும், தனியாக உப்புச் சேர்க்காமல் விட்டால் சரி. கட்டுப்படியாகாவிட்டால் 80 வீதக் கொழுப்புள்ள, கட்டியாக வரும் பேக்கிங் மாஜரினை எடுங்கள், ருசி கொஞ்சம் இறங்கும், நொறுங்கல் சரியாக வரும். ஒன்று, நம் குசினிச் சூட்டில் பட்டர் மேசையில் இருந்தாலே உருகத் தொடங்கிவிடும். சின்னத் துண்டாக வெட்டித் திரும்ப ஃபிரிஜ்ஜில் வைத்து, மற்றதெல்லாம் தயாரான பிறகு எடுத்து விரல் நுனியால் மாவில் உதிர்த்துவிடுங்கள்.

கேள்வி: உள்ளே வைக்கிற பழத்துக்கு வெளிநாட்டு டின் ஃபில்லிங் வாங்கவா, ஜாம் போதுமா, இல்லை பழமே வாங்கிச் செய்யவா? அளவும் சொன்னால் நல்லது.
– தெஹிவளை வாசகி

பதில்: டின்னை விடுங்கள். சேர்பொருட்களை எடையில் கூடியது முதலில் வரும்படிதான் எழுதுவார்கள். தண்ணீரும் சீனியும் முன்னால் நின்று பழம் பின்னால் வந்தால் நீங்கள் வாங்குவது சீனிப்பாகு. ஜாமுக்கும் இதே சோதனைதான், அதோடு சீனி, உப்பு, கொழுப்புக்கு லேபிளில் போடும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அவசரத்துக்கு விளாம்பழ ஜாம் நன்றாகப் பொருந்தும், புளிப்பு இருப்பதால் மேலே உள்ள இனிப்பை வெட்டும். மிக்ஸ்ட் ஃபுரூட் ஜாம் எனக்குப் பிடிப்பதில்லை, எந்தப் பழம் என்றே வாய்க்குத் தெரியாது.

மலிவும் ருசியும் சேர்ந்து வேண்டுமென்றால் அன்னாசி. நன்றாகப் பழுத்து விலை இறங்கிய பழம் இதற்குத் தோதானது, லேசாக அடிபட்டிருந்தாலும் அந்த இடத்தை வெட்டிவிடலாம். மாம்பழமும் ஆகும், ஆனால் கறுத்தக்கொழும்பானை வாங்கி அடுப்பில் வைப்பதைப் பாவம் என்றுதான் சொல்வேன், சாதா மாம்பழம் போதும். சுத்தம் செய்த அன்னாசி 400 கிராமைப் பொடியாக அரிந்து, 60 கிராம் சீனி, ஒரு துண்டு கறுவா, பாதித் தேசிக்காய்ச் சாறு சேர்த்து மூடாமல் கொதிக்க விடுங்கள். தண்ணீர் வற்றி வரும்போது ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடாமல் அப்படியே நிற்க வேண்டும், பழத்துண்டுகள் மங்கல் போய்க் கண்ணாடி போல மினுங்கும். அதற்கு முன் இறக்கினால் அடித்தட்டு நனையும், அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது. இறக்கி முழுதாக ஆறவிடுங்கள்.

மாவுக்கு ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மா 150, சிவப்புச் சீனி 100, பட்டர் 150. மூன்றில் இரண்டு பங்கை 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் அழுத்தி, பழத்தைப் பரப்பி, மிச்சத்தை மேலே உதிர்த்து 180 பாகையில் 35 முதல் 40 நிமிடம். சூட்டோடு வெட்டாதீர்கள். ஆறி, ஃபிரிஜ்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் துண்டு துண்டாக வரும்.

கேள்வி: இதற்கென்று ஓவன் வாங்கலாமா? கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– மட்டக்குளி வாசகர்

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். வேறு தேவையும் உண்டென்றால் மேசை ஓவன் போதும், வாங்கும்போது உங்கள் 20 சென்ரிமீற்றர் தட்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவு மூடுகிறதா என்று பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். 1500 வாட் ஓவன் 50 நிமிடம் ஓடினாலும் கூடிப்போனால் ஒன்றேகால் யூனிட், சூடேறியபின் தானாக நின்று நின்று எரிவதால் அதைவிடக் குறையும். உங்கள் மாதப் பாவனை 60 யூனிட்டுக்குக் கிட்ட நிற்கிறதென்றால் மட்டும் யோசியுங்கள், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். பழைய வீட்டு 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் அடப்டர் போட்டுக் குத்த வேண்டாம், 13 அம்பியர் சொக்கெட் வேண்டும்.

கேள்வி: பேக்கிங் சாமான் வாங்கிய கடையில் பட்டர் பக்கெட்டில் அச்சிட்ட விலையை மறைத்து மேலே கூடுதல் விலை ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். திரும்பப் போய்க் கேட்டதற்கு ‘விருப்பமென்றால் வாங்குங்கள்’ என்றார்கள். பில்லும் தரவில்லை.
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள், பக்கெட்டை அப்படியே படம் எடுத்து வையுங்கள். குறித்த விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை, அதனால் இன்னொரு தடவை போய், வாங்கிய திகதி போட்ட பற்றுச்சீட்டு ஒன்று கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் அதையும் சேர்த்து முறையிடலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பட்டர் கெட்டுப்போயிருந்தாலோ திகதி முடிந்திருந்தாலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடலாமா?
– வத்தளை வாசகர்

பதில்: போடலாம், 120 கிராம் போதும், அதில் தண்ணீர் இல்லை. உப்பு ஒரு சிட்டிகை சேருங்கள். வாசம் பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் பாதித் தட்டு செய்து பாருங்கள்.