பால்டிக் கடல் கோடையில் மட்டும் பச்சையாவது ஏன்?

வட ஐரோப்பாவில் உள்ள பால்டிக் கடலில் கோடையில்தான் பாசி பெருகுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெரிய பெருக்கம் வசந்தத்திலேயே முடிந்துவிடும். குளிர்காலத்தில் ஊட்டச்சத்து நிறைய உண்டு, வெளிச்சம்தான் போதாது. மார்ச் முதல் மே வரை வெயில் ஏற ஏற, டயாட்டம்கள், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்பாசிகள் பெருகி, நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தைத் தீர்த்துவிடும். பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சத்து மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் விஷயமே. ஜூலை, ஆகஸ்டில் நீர் சூடாகிக் காற்றும் அடங்கினால், நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே பயன்படுத்தத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் அந்த மிஞ்சிய பாஸ்பேட்டை வைத்துச் செழிக்கும். செல்லுக்குள் வாயுப் பைகள் இருப்பதால் மேலே மிதந்து, பால் ஏடு போல மஞ்சள்பச்சையாகப் படியும். உங்கள் கண்ணில் படுவது இதுதான். அப்புறம் இலையுதிர் காலத்தில் டயாட்டம்கள் மறுபடி லேசாகத் தலைகாட்டும். ஒன்று முக்கியம்: கோடைப் பாசிகளில் நோடுலேரியா என்ற வகை கல்லீரலைத் தாக்கும் நஞ்சு கொண்டது. ஏடு படிந்த இடத்தில் குழந்தைகளையும் நாயையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.