கொழுக்குமலைக்குப் புது மஹிந்திரா தாரில் போகலாமா?

வணக்கம். புதிதாக வாங்கிய மஹிந்திரா தார் வண்டியில் நண்பர்களோடு மூணாறு பக்கத்துக் கொழுக்குமலை ஏறி, மேலே கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வண்டியை அடிவார ஊரான சூரியநெல்லியிலேயே நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து மேலே போவது உள்ளூர் ஜீப்புகள்தான். ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றுகிறார், இறக்கத்தில் எந்த கியரில் விடுகிறார் என்று கவனியுங்கள். அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஓட்டிப் பழக, ஊர்ப் பக்கத்தில் தெரிந்தவர் தரிசு நிலம் போதும். துணைக்கு இன்னொரு வண்டி கட்டாயம் வேண்டும். 4 லோ (நான்கு சக்கரமும் சேர்ந்து மெதுவாக, அதிக இழுவிசையோடு சுழலும் நிலை) போட்டு முதல் கியரில் மெதுவாக ஏறி இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்சைத் தொடவே கூடாது, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மணல் என்றால் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்ப, கையில் 12 வோல்ட் பம்ப் இருக்க வேண்டும்.

அப்புறம் கூடாரம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போடவே போடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன பலரைப் பலிகொண்டது இதே மலைச்சரிவில்தான். முன்பதிவு செய்த முகாமில் தங்குங்கள்; கோடையில் விறகுத் தீயே வேண்டாம். இரவுக் குளிருக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் கிளம்புகிறீர்கள்?