பரணில் கிடக்கும் லெகோ

கேள்வி: என் மகன் சின்னவனாக இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு டப்பா லெகோ வந்தது. வீடு, பஸ், பாலம் என்று நினைத்ததையெல்லாம் கட்டினான். பேரனோ புத்தகத்தைப் பார்த்து ஒரே ஒரு கார் செய்து ஷோகேஸில் வைத்துவிடுகிறான். பொம்மைக்காரர்கள் கற்பனையையே கொன்றுவிட்டார்களே! பரணில் இருக்கும் பழைய கட்டைகள் இனி எதற்காவது ஆகுமா?
- திருமங்கலம் வாசகி

பதில்: ஷோகேஸில் வைத்தது பேரனா, நீங்களா? கலைத்தால் திட்டு விழும் என்றால் எந்தப் பிள்ளை கலைக்கும்?

பார்த்துக் கட்டும் புத்தகம் 1964-லேயே பெட்டிக்குள் வந்துவிட்டது. கட்டையின் மேலே குமிழ், அடியில் குழல் என்ற அமைப்புக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டது 1958-ல். இன்றுவரை அதே அளவுதான்: குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டை உயரம் 9.6 மி.மீ. உங்கள் பரண் சரக்கு பேரனின் காரோடு தாராளமாகச் சேரும். மாறியது உள்ளே வரும் உருப்படிகள். 1999-ல் ஸ்டார் வார்ஸ் பெட்டி வந்ததிலிருந்து சினிமாச் சரக்கு பெருகிவிட்டது. வளைவும் சரிவும் பொடித் துண்டும் நிறைய, 2×4 கட்டை (இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்) குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் உங்கள் டப்பா இருக்கிறதே!

இறக்கியதும் குமிழைப் பாருங்கள். லெகோ என்று பொறித்திருக்காத கட்டைகளைத் தனியே எடுத்துவிடுங்கள். தமுக்கம் பொருட்காட்சியில் வாங்கியவை கலந்திருக்கலாம். லெகோ ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், குமிழ் நுழையும்போது சுவர் இம்மியளவு விரிந்து, திரும்ப இறுக்கிக்கொள்ளும். மட்டமான பிளாஸ்டிக் விரிந்தபடியே நின்றுவிடும், பிடி போய்விடும். பிறகு கட்டியது சரிந்தால் பழி பேரன் தலையில் விழும்.

கழுவ 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத சோப்புத் தண்ணீர் போதும். குழல் இடுக்கில் பழைய டூத் பிரஷ். ஸ்டிக்கர் ஒட்டிய கட்டையும் மோட்டாரும் தண்ணீருக்குள் போகக்கூடாது. மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டுவிடாதீர்கள்! வெள்ளை மஞ்சளாகும், மெல்லிய தட்டு வளையும். மின்விசிறிக் காற்றே போதும்.

அடுத்து, அந்தக் காரைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுங்கள். முதல் வேலையாகக் கோபுரம் கட்டச் சொல்லுங்கள். 2×4 கட்டை 30, 2×2 கட்டை 8, அடியில் ஒரு தளத்தட்டு. கீழ்நிலை 16×10 குமிழ். அடுத்தடுத்து 14×8, 12×6, 10×4, உச்சியில் 8×2. கீழ் மூன்று நிலைகளும் நடுவில் வெற்றாக, இரண்டு குமிழ் அகலச் சுவராகவே வரவேண்டும். மேல்நிலை ஒவ்வொரு பக்கமும் ஒரு குமிழ் உள்ளே தள்ளி, கீழ்ச்சுவரின் உள்வரிசைக் குமிழில் உட்காரும்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். மேல்நிலைக் கட்டையின் பாதி அந்தரத்தில் நிற்பதால் அழுத்தும்போது உள்பக்கம் சாயும். அடியில் விரல் கொடுத்து அழுத்த வேண்டும். கீழ் இணைப்புக்கு நேர் மேலே இன்னொரு இணைப்பு வந்தால் சுவர் அங்கேயே பிளக்கும். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல மாற்றிப் போடவேண்டும். இப்படிக் கட்டினால் 5 செ.மீ. உயரம்கூட வராது. குட்டைக் கோபுரம் என்று பேரன் சிணுங்கினால் நிலைக்கு இரண்டு வரிசை வைக்கட்டும், கட்டையும் இரட்டிப்பாகத் தேவைப்படும். அதற்குள் ஷோகேஸைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.