இதயக் குறி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

புனைவில் வரும் காதலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையில் வீடியோ கேம்களைப் பற்றியும் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. ஆணுக்கு ஆணையும் பெண்ணுக்குப் பெண்ணையும் காதலிக்கும் ஆப்ஷன் வந்தது கேம்களுக்கு நல்லதே என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எனக்கு முப்பத்தொரு வயது, ஐ.டி. வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாடுகிறேன். சமீபத்தில் 'டிராகன் ஏஜ் 2' விளையாடினேன். அதில் ஆண்டர்ஸ் என்று ஒரு வைத்தியன் வருவான். பாவம், கஷ்டப்படுகிறானே என்று நாலு வார்த்தை அன்பாகப் பேசினேன். திடீரென்று என்மேல் ஆசை என்கிறான். வேண்டாம் என்று சொன்னால் மார்க் குறைகிறது. நான் கேட்டேனா சார்? இதற்குப் பெயர் திணிப்பு இல்லையா?

நான் யாரையும் வெறுப்பவன் இல்லை. என் டீமிலேயே ஒருவர் இருக்கிறார், நன்றாகத்தான் பழகுகிறோம். ஆனால் காசு கொடுத்து இந்த கேம்களை வாங்குவதில் பெரும்பான்மை என்னைப் போன்ற ஆண்கள். இன்னொன்று, அந்த கேமில் நீங்கள் ஆணாகப் போனாலும் பெண்ணாகப் போனாலும் எல்லோரும் சரி என்றே சொல்கிறார்கள். நிஜத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் அதன் அடுத்த பாகமான 'இன்க்விசிஷன்' டிஸ்க்கைக் கொடுத்திருக்கிறார். அதிலும் இந்த விஷயம் உண்டாமே. அதைத் தொடாமல் விளையாட முடியுமா?

கே.,
பெரம்பூர்

*

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சொல்.

'திணிப்பு' நம் ஊரில் எடை உள்ள சொல். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியபோது அதைச் சொல்லித்தான் ஜனங்கள் சிறைக்குப் போனார்கள். 1940-இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. அங்கே வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை, அதனால் அது திணிப்பு. ஆண்டர்ஸ் உங்களிடம் கேட்டான், நீங்கள் முடியாது என்றீர்கள், கதை மேலே போனது. கேட்டாலே திணிப்பு என்றால் கல்யாணப் பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாம்பார்?" என்று வாளியோடு நிற்பவரும் திணிக்கிறார். (அவர் நிஜமாகவே திணிப்பார். அது வேறு.)

மார்க் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அந்த கேமில் ஒவ்வொரு தோழரோடும் உங்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு முனை நட்பு, மறுமுனை போட்டி. ஆண்டர்ஸை மறுத்தால் முள் போட்டிப் பக்கம் நகரும். அது தோல்வி இல்லை, அந்த முனைக்கே போய்ச் சேர்ந்தாலும் அதற்கென்று தனி ஆதாயம் உண்டு. ஆனாலும் "மனசைச் சொன்னான், மறுத்தேன், முள் நகர்ந்தது" என்று கணக்கு வைத்தது முரட்டு வேலை. அதில் நான் உங்கள் பக்கம்.

2011-இல் அந்த கேம் வந்தபோதே இந்தப் புகார் வந்துவிட்டது. ஆண்களான, பெண்களையே விரும்புகிற எங்களை நீங்கள் கவனிக்கவில்லை என்று ஒருவர் எழுதினார். முதன்மை எழுத்தாளரான டேவிட் கெய்டர் அதற்குப் பதில் எழுதினார். இந்தக் காதல்கள் ஒரு தரப்புக்காக எழுதப்பட்டவை அல்ல, எல்லோருக்குமானவை; எங்கள் ரசிகர்களில் ஆண் அல்லாதவர்களும் பெண்களை விரும்பாதவர்களும் நிறைய, அவர்களுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கெய்டர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததற்கு நம் அக இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: கைக்கிளை. ஒருவர் மனதில் மட்டும் முளைக்கும் காதல். நம் பாட்டுகளில் அது பெரும்பாலும் ஆண் மனதில் முளைக்கும், எதிரில் இருப்பவளுக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் முதல் தடவையாக அந்த எதிர்ப்பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். பரிவாகப் பேசியதற்கே வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வது, முடியாது என்றதும் எதிராளியின் முகம் மாறுவது. இதெல்லாம் உங்களுக்குப் புதிது. உங்கள் ஊரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் தினமும் வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், "அட, இவ்வளவுதானா?" என்பார். அதே கேமில் இசபெலா என்ற பெண் வலிய வந்து பேசியபோது திணிப்பு என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். கடிதத்தில் அவள் பெயர் இல்லை.

கேம்களில் நிஜமான திணிப்பு வேண்டுமா, காட்டுகிறேன். 'அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி', 2018. பழைய கிரேக்கம். அலெக்சியாஸ் என்ற ஆணாகவோ கசாண்ட்ரா என்ற பெண்ணாகவோ போகலாம், யாரை வேண்டுமானாலும் விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம். மணிக்கணக்கில் விளையாடி, என் கசாண்ட்ராவுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று ஒருவர் தீர்மானித்து வைத்திருப்பார். 2019 ஜனவரியில் வந்த கூடுதல் பகுதியில், நீங்கள் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும், அவள் ஓர் ஆணோடு குடித்தனம் வைத்துப் பிள்ளை பெறுவாள். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள், முகூர்த்தத்துக்கு வந்து உட்கார் என்பது போல. விளையாடியவர்கள் கொதித்தார்கள். கேமின் படைப்பு இயக்குநர் மன்னிப்புக் கேட்டார், பிறகு சில இடங்களை மாற்றினார்கள். வேண்டாம் என்ற பதிலே திரையில் இல்லாத இடம் அதுதான்.

பெரும்பான்மை என்றீர்கள். எனக்கு ஒரு மேன்ஷன் அறைதான் ஞாபகம் வருகிறது.

2002. திருவல்லிக்கேணியில் ஓர் அறையில் மூன்று பேர், மூன்று கட்டில், ஒரு ஜன்னல். எங்களில் ஒருவன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினான். பர்மா பஜாரிலிருந்து 'தி சிம்ஸ்' சி.டி. வந்தது. திருட்டு சி.டி.தான், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களைச் சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்பும் விளையாட்டு. நானும் மற்றவனும் நீச்சல் குளம் வைத்த பங்களா கட்டினோம். அவன் இரண்டு அறை வீடு கட்டினான். சமையலறை, ஒரு பெரிய கட்டில், இரண்டு ஆண்கள். "யாருடா இவங்க?" என்றோம். "ரூம்மேட்ஸ்" என்றான். மேன்ஷனில் அந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது, நாங்களே ரூம்மேட்ஸ்தானே.

ஒரு நாள் ராத்திரி அந்த வீட்டு அடுப்பில் தீப்பிடித்தது. சமைக்கத் தெரியாத ஆளை அடுப்பருகில் விட்டால் அந்த கேமில் அப்படித்தான் ஆகும். ஒருவன் எரிந்துகொண்டிருந்தான், மற்றவன் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். நண்பன் எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தான். சேவ் செய்யாமலே மொத்த கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டான். "கேம்தானடா" என்று சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று அவன் சொல்லி நான் கேட்டதற்குப் பல வருஷம் ஆனது.

அந்த முதல் பாகத்தில் இரண்டு ஆண்கள் காதலிக்கலாம், ஒரே வீட்டுக்குக் குடிவரலாம், ஆனால் கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே. கேமின் கணக்கிலும் அவர்கள் ரூம்மேட்ஸ்தான். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சடங்கு உண்டு, ஆனால் கல்யாணம் என்று சொல்லாமல் வேறொரு பெயர் வைத்தார்கள். 2009-இல் மூன்றாம் பாகத்தில்தான் கல்யாணத்தைக் கல்யாணம் என்றார்கள். இதில் வேடிக்கை, முதல் பாகத்தில் அந்த விஷயம் வந்த விதம். ஒருபால் காதலை விட்டுவிடலாம் என்று குழு முடிவெடுத்திருந்தது. பேட்ரிக் பாரெட் என்ற புது புரோகிராமர் கையில் கிடைத்ததோ பழைய வடிவமைப்புக் குறிப்பு. அதில் இருந்தபடி எழுதிவிட்டார். 1999-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த வீடியோ கேம் கண்காட்சியில் ஒரு கல்யாணக் காட்சியை ஓடவிட்டுக் காட்டியபோது, விருந்துக்கு வந்திருந்த இரண்டு பெண்கள், யாரும் சொல்லாமல், முத்தமிட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் கேமைப் பேசவைத்ததே அதுதான். திட்டம் போட்டுப் புகுத்தியது என்று இன்று சொல்லப்படுகிற விஷயத்தின் ஆரம்பத்தில் இருந்தது ஒரு பழைய தாள்.

புகுத்தல் என்றதும் பெரிய கம்பெனி, பெரிய பணம் என்று நினைக்கிறோம். 'ஸ்டார்டியூ வேலி' விவசாய கேமை ஓவியம், இசை, புரோகிராம் எல்லாம் எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்து 2016-இல் வெளியிட்டார். அதில் காதலுக்கு வழி: வாரம் இரண்டு பரிசு, மனம் நிறைந்ததும் ஒரு பூங்கொத்து, பிறகு ஒரு மழை நாளில் கடற்கரையில் நிற்கும் கிழவரிடம் ஐயாயிரம் காசுக்குப் பதக்கம். நீங்கள் ஆணா பெண்ணா என்று கிழவர் கேட்பதில்லை. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' கேமிலும் தாயத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசினால் அதே கதை. அதைத் தொடாமல் நூறு மணி நேரம் டிராகன் வேட்டையாடியவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் இன்னொரு புகார்தான் எனக்குப் பிடித்தது. எல்லோரும் சரி என்கிறார்களே என்றீர்கள். ஆமாம், அது குறைதான். 'டிராகன் ஏஜ் 2'-இல் ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், இசபெலா, மெரில் நான்கு பேரும் நீங்கள் யாராகப் போனாலும் ஏற்றுக்கொள்வார்கள். விளையாடுபவருக்குத் தாராளம், ஆனால் அந்த நான்கு பேருக்கும் சொந்த விருப்பம் என்று ஒன்று மங்கிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று காதலிப்பது போல. ஆப்ஷன் வைப்பது எளிது. மறுக்கத் தெரிந்த ஆளை எழுதுவதுதான் கஷ்டம்.

உங்களிடம் இருக்கும் டிஸ்க்கில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். கசாண்ட்ரா என்ற வீராங்கனைக்கு (ஒடிஸிக்காரி இல்லை, இவள் வேறு) ஆண்களைத்தான் பிடிக்கும். நீங்கள் பெண்ணாகப் போய்க் கொஞ்சிப் பேசிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் சங்கடத்தோடு தன் மனசைச் சொல்லிவிடுவாள். டோரியன் என்ற மந்திரவாதிக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், பெண்ணாகப் போனால் அவனிடம் காதல் கிடையாது, நட்பு உண்டு. இப்படி எழுதினால் ஆள் நிற்கிறான். 2012-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3'-இலும் கோர்ட்டெஸ் என்று ஒரு விமானி. ஒரு கட்டத்தில் அவனிடம் போனால், இறந்துபோன தன் கணவனின் கடைசிக் குரல் பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பான். என்னை நங்கூரமாக்கிக்கொண்டு நின்றுவிடாதே என்கிறது அந்தக் குரல். அந்த இடத்தில் அவன் யாரை விரும்புகிறவன் என்று நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் சாவு கண்ட யாரும் யோசிக்க மாட்டார்கள்.

டிஸ்க் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றதும் சிரித்துவிட்டேன். 2014 நவம்பரில் 'இன்க்விசிஷன்' வெளியானபோது இந்தியாவில் மட்டும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள்ளூர்ச் சட்டத்தை மீறாமல் இருப்பதற்காக என்றது கேமை வெளியிட்ட இ.ஏ. நிறுவனம், எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம்தான் கை காட்டினார்கள். அந்தப் பிரிவு திரையில் காட்டுவதைப் பற்றிய சட்டமே இல்லை, இதே மாதிரிக் காதல்கள் உள்ள முந்தைய பாகங்கள் இங்கே கடையில் விற்றன. ஆனாலும் எடுத்தார்கள். ஸ்விட்சை அணைத்த என் நண்பன் அந்த கேமுக்கு முன்பணம் கட்டியிருந்தான். பணம் வந்துவிட்டது. "துட்டு பத்திரமா வந்துச்சுடா" என்று மட்டும் சொன்னான்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொப்பிச் சேர்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2023-இல் கல்யாண உரிமையை மறுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சட்டம் ஏறக்குறைய அந்த மேன்ஷன் அறையில்தான் நிற்கிறது: ரூம்மேட்ஸ்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. தொடாமல் விளையாட முடியும். 'இன்க்விசிஷன்' கேமில் காதல் பதிலுக்குப் பக்கத்தில் இதயக் குறி இருக்கும். அதை அமுக்காவிட்டால் காதல் வழி திறக்காது. ஆணாகவே போங்கள், டோரியன் கிண்டல் செய்வான், மீசையைப் பார்த்துக்கொள்வான், தோட்டத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவான்.

அவனை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நட்பு முற்றியதும் அவனுடைய அப்பாவிடமிருந்து கடிதம் ஒன்று வரும். அவனைக் கூட்டிக்கொண்டு ரெட்கிளிஃப் ஊரில் உள்ள சத்திரத்துக்குப் போக வேண்டும். குடும்பத்து ஆள் யாரோ காத்திருப்பதாகச் சொல்லியிருப்பார்கள், போனால் அப்பாவே நிற்பார். மகன் கல்யாணம் செய்துகொண்டு வம்சத்தைக் காக்க வேண்டும் என்பதற்காக, அவன் மனதையே ரத்த மந்திரத்தால் மாற்றப் பார்த்தவர் அவர். 2014-இல் வந்த காட்சி. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதிய உத்தரவு அது. அந்தச் சத்திரக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் அந்த நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைப் பக்கம்தான் ஞாபகம் வரும்.

அங்கே உங்களுக்கு ஒரு தேர்வு வரும். இதயக் குறி எதுவும் இருக்காது. "உன் அப்பாவிடம் பேசு" என்று டோரியனிடம் சொல்லலாம், அல்லது "வா, கிளம்பலாம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் இரண்டு தடவை விளையாடி இரண்டையும் செய்து பார்த்தேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை. நீங்கள் எதை அமுக்கினீர்கள் என்று எழுதுங்கள்.