யானைத் தீனியும் சிட்டுப் பசியும்

கேள்வி: யானை நாளுக்கு 200 கிலோ தின்கிறது. சிட்டுக்குருவி சில சிட்டிகை தானியம் கொத்துகிறது. எடைக்கு எடை பார்த்தால் யாருக்குத் தீனி அதிகம்?

பதில்: சிட்டுக்குத்தான். 4,000 கிலோ யானைக்கு 200 கிலோ பசுந்தழை என்பது உடல் எடையில் 5 சதவீதம். அதிலும் பெரும்பகுதி தண்ணீரும் நாரும். பாதிக்கு மேல் செரிக்காமல் லத்தியில் போய்விடும். 25 கிராம் சிட்டுக்கோ உலர்ந்த தானியமே 5, 6 கிராம் வேண்டும். அதே வீதத்தில் யானைக்குப் போட்டால் தினம் கிட்டத்தட்ட ஒரு டன் கம்பு ஆகும்!

உடல் பெரிதாகும்போது எடை கூடும் அளவுக்குத் தோல்பரப்பு கூடுவதில்லை. சிட்டின் 41 டிகிரி சூடு ஓயாமல் வெளியேறுகிறது. யானைக்குச் சூட்டைக் கழிப்பதே பெரும்பாடு. காதின் பின்புறம் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது அதற்காகத்தான். ஆனால் தோல் மட்டும் முழுக் காரணமல்ல. 1932-ல் உயிரியலாளர் மாக்ஸ் கிளைபர், விலங்குகளின் ஆற்றல் செலவு எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி உயர்வதைக் காட்டினார். நீங்களே கால்குலேட்டரில் போடலாம். யானை சிட்டைப் போல் 1,60,000 மடங்கு எடை. அதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 20. 20 × 20 × 20 என்று பெருக்கினால் 8,000. எடை 1,60,000 மடங்கு, செலவு 8,000 மடங்குதான். ஆக, கிராமுக்குக் கிராம் சிட்டு 20 மடங்கு எரிக்கிறது. சிட்டு போன்ற பாடும் பறவைகள் பாலூட்டிகளைவிட வேகமாக எரிப்பவை என்பதால் உண்மையில் இன்னும் கூடும்.

கேள்வி: மருந்தையும் எடைப்படி பெருக்கிக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 1962-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் டஸ்கோ என்ற யானைக்கு எல்.எஸ்.டி. என்ற, மனதை மயக்கும் போதை மருந்து 297 மில்லிகிராம் ஊசியில் செலுத்தினார்கள். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று நேராகப் பெருக்கிய அளவு அது. சில நிமிடங்களில் சரிந்து விழுந்த யானை இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. காப்பாற்றப் போட்ட மற்ற மருந்துகளுக்கும் அதில் பங்குண்டா என்ற சர்ச்சை இன்றும் உண்டு. ஆனால் பெருக்கிய முறை தவறு என்பதில் சர்ச்சையில்லை. மெதுவாக எரிக்கும் உடல் பெரும்பாலான மருந்துகளை மெதுவாகவே கழிக்கும்.

கேள்வி: கூட்டிலிருந்து விழுந்த சிட்டுக்குஞ்சுக்குப் பாலோ தண்ணீரோ புகட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பால் பறவைக்குச் செரிக்காது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் வேர்ப்பகுதியை ஒட்டியே திறந்திருப்பதால் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது பொய். கூடு எட்டாவிட்டால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து முதலில் கதகதப்பூட்டுங்கள். குளிர்ந்த குஞ்சுக்கு எது கொடுத்தாலும் இரைப்பையில் தங்கிவிடும். சூடேறிய பிறகு, பகலில் அரை மணிக்கு ஒரு முறை, சின்னப் புழு அல்லது தண்ணீரில் ஊறிப் பிழிந்த பூனைத் தீவன உருண்டையில் ஒரு துணுக்கு. இரவில் தீனி தேவையில்லை, சூடு மட்டும் போதும்.